பிஸ்கட் டப்பா

ஜார்ஜியாவில், குட்டாயிசி நகரில்,
டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் வகுப்பு.
கீழே சக்கரத்துக்குக் காற்றடித்தால்
மேலே என் வாக்கியம் அதிரும்.
செவ்வாய், வியாழன், மாலை ஏழு மணி.
பதினொரு பேர், ஒரு விறகடுப்பு.

கடைசி ஐந்து நிமிடம் நான் பேசுவதில்லை.
பழைய மின்கட்டண ரசீதுகளை
நாலாய்க் கிழித்துக் கொடுப்பேன்.
பின்பக்கம் எழுத வேண்டும்:
இன்றைக்கு எங்கே இடறினீர்கள்?
எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

முதல் மாதம் பதினொரு சீட்டிலும்
ஒரே ஆள் எழுதியதுபோல் ஒரே பதில்:
'நன்று. நன்றி, ஆசிரியை.'
யாரும் எங்கும் இடறவில்லை,
பனி உறைந்த எங்கள் படிக்கட்டில்கூட.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று
நான் போட்டிருந்த சட்டத்தை
ஒரு வியாழக்கிழமை எடுத்துவிட்டேன்.
அன்று டப்பா மூட மறுத்தது.

பத்ரி எழுதியிருந்தான்:
'பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு
மூடுபனியில் கணவாய் தாண்டுகிறவன் நான்.
இங்கே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குள்
எனக்கு ஆறு வயதாகிவிடுகிறது.'

லம்சீரா, இரவுப் பணி நர்ஸ்:
'இன்று பதினாலு முறை யெஸ் சொன்னேன்.
புரிந்தது ஐந்து.
மீதி ஒன்பதும் உங்கள் முகத்துக்காக.'

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன்,
சொல்ல வெட்கம்.
இருபது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா?
நோதர் மட்டும் துணிந்து ஆங்கிலத்திலேயே எழுதினான்:
'ஐ அஃப்ரெய்ட் டெலிபோன்.'
விட்டுப்போன மூன்று சொற்களையும்
சிவப்பு மையில் செருகித்
திருப்பிக் கொடுத்தேன்.
அவனுக்குத் தொலைபேசி என்றால் பயம் என்பதை
நான் படிக்கவே இல்லை.
அடுத்த வாரம் அவன் சீட்டில்: 'நன்று. நன்றி.'
பிழை ஏதுமில்லை.

அந்தப் பேனா இப்போது டயர் கடைக்காரரிடம்.
பஞ்சர் விழுந்த இடத்தைச் சுற்றி
வட்டம் போட உதவுகிறதாம்.

நேற்று சியூரியின் சீட்டு.
ஹோட்டலில் அறை துடைப்பவள்,
கொட்டை கொட்டையாய் எழுத்து:
'எ ஹவுஸ், தி ஹவுஸ்.
மூன்று தடவை விளக்கினீர்கள்.
எது என்று கேட்பவருக்கும் தெரிந்தால் தி,
தெரியாவிட்டால் எ.
எங்கள் வீடு கடலோரம்,
கோட்டுக்கு அந்தப் பக்கம்.
முப்பது வருஷமாய் வேறு யாரோ விளக்கேற்றுகிறார்கள்.
எந்த வீடு என்று எனக்குத் தெரியும்.
கேட்பவருக்குத் தெரியாது.
நான் எதைப் போட?'

எங்கள் மொழியில் இந்தத் தொல்லையே கிடையாது.
வீடு என்றால் வீடு.
பாடநூலின் எண்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.
அங்கே ஒரு நாய், ஒரு பந்து.
முதலில் சொல்லும்போது எ,
மறுபடி சொல்லும்போது தி.
இத்தனை வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்,
ஒருதரம் சொல்லிவிட்டால்
அது நம் இருவருக்கும் தெரிந்ததாகிவிடும்
என்றுதான் அதற்குப் பொருள் என்று
தோன்றியதே இல்லை.

சீட்டின் அடியில் பென்சிலால் எழுதினேன்:
'சொல்லுங்கள். எத்தனை ஜன்னல்?'

பிறகு எனக்கும் ஒரு ரசீதுத் துண்டு கிழித்தேன்.
இன்று இடறிய இடம்: பக்கம் எண்பத்திரண்டு.
டப்பாவில் போடப் போனால்
அடியில் ஒட்டிக்கொண்டு இன்னொரு சீட்டு,
நோதருடையது:
'ஐ ஸ்டில் அஃப்ரெய்ட் டெலிபோன்.'

மூன்று சொற்கள் இன்னும் வந்து சேரவில்லை.
நான் தொடவில்லை.
வியாழக்கிழமை வரும்போது
பழைய போன் இரண்டு கொண்டுவர வேண்டும்.