கழிவு போடாத தராசு

ராகலையில் பழைய இரும்புக் கடையில்
இரண்டாயிரம் சொன்னதை
ஆயிரத்து நானூறுக்குப் பேசி
மோகனதாஸ் வாங்கி வந்தார் ஒரு தொங்கு தராசு.
முகத்தில் கண்ணாடி இல்லை.
முள் கொஞ்சம் தயங்கும்;
ஒரு தட்டுத் தட்டினால் உண்மை சொல்லும்.

பன்னிரண்டு வருசம்
மூன்றாம் நெம்பர் மலையில் நான் எடுத்த கொழுந்து
இப்படி ஒன்றில்தான் தொங்கியது.
இருபத்தொன்றில் முள் நிற்கும்,
பதினெட்டு என்று பேனை எழுதும்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
மூன்றாவது எதற்கென்று கேட்டவளுக்கு
மறுநாள் கல்லுமலை.

அதனால் இதைக் கண்டதும் வயிறு கலங்கியது.
"வேற சாமான் ஒன்னும் கெடைக்கலயா?" என்றேன்.
அவர் பேசாமல்
பேரிக்காய் மரத்தில் அதை மாட்டினார்.

எங்களுக்கு ஏழு பேர்ச்சஸ்.
வீடு போக, மாட்டுப்பட்டி போக, கக்கூஸ் போக
மிஞ்சியதில் ஒரு வெங்காயத்தாள் வரிசை.
பின்னால் தேயிலை செத்துக் காடாகிப்போன சரிவில்
எழுத்தில்லாத அனுமதியோடு
நாலு படி வெட்டினோம்.
கல் பொறுக்கியதில் அவருக்கு ஒரு நகம் போனது,
எனக்கு ஒரு மழைக்காலம்.
செல்லியின் சாணத்தை மட்டும்
மண் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

இரவில் ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர்.
மா கடையது, உப்பும் கடையது,
தேங்காய் குருநாகலில் லொறி ஏறி வந்தது.
மற்றதெல்லாம்
கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வளர்ந்தவை:
போஞ்சி, நோக்கோல், பச்சைமிளகாய், தயிர்.
சுமனாவதி அக்கா பலாக்கொட்டை தந்தாள்,
பாத்திரத்தைப் பாலோடு திருப்பி அனுப்பினேன்.
கடைக் கொப்பியில் எங்கள் பக்கம்
மூன்று மாதமாய் வெள்ளை.
முதலாளிக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம்.

போன வாரம் பன்றி வந்து
இரண்டு பாத்தி உருளைக்கிழங்கைக் கிளறிவிட்டது.
விடிய விடிய அழுதேன்.
அழுகையின் நடுவே, வெட்கமாய்த்தான் இருக்கிறது சொல்ல,
ஒரு சின்னக் கர்வம்:
களவு போக
எங்களிடமும் ஏதோ இருந்திருக்கிறது.

இன்றைக்கு லீக்ஸ்.
பனியோடு பிடுங்கி, பீலியில் கழுவி,
சாக்கில் அடுக்கித் தூக்கி மாட்டினோம்.
அவர் ஒரு தட்டுத் தட்டினார்.
துஷாந்தினி பென்சிலோடு நிமிர்ந்தாள்:
"முப்பத்திரண்டு. எத்தனை கழிக்கணும் அம்மா?"

கழிப்பதை
யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.
நான் மாலையில் வந்து புலம்பியதை
தொட்டிலில் கிடந்தே கேட்டிருப்பாள்.
"சாக்குக்கு அரைக் கிலோ எழுது" என்றேன், "அது நியாயம்.
வேற ஒன்னுமில்ல."
அந்த "ஒன்னுமில்ல" வாயிலிருந்து வெளியே வர
கொஞ்ச நேரம் எடுத்தது.

லீக்ஸை இறக்கியதும் சின்னவன் சாக்குக்குள் குதித்தான்.
காலில் சேறு, காற்சட்டைப் பையில் இரண்டு பேரிக்காய்,
மூக்கில் நேற்றைய தடிமன்,
எல்லாம் சேர்த்துப் பதினாலரை.
"இப்ப நீ ஏறு" என்றார் மோகனதாஸ்.
"கிளை முறியும்" என்றேன்.
"முறியட்டும்" என்று சொன்ன சிரிப்பு
கலியாணத்தன்று படம் பிடித்தவன் தவறவிட்டது.

நாலு மணிக்கு லொறி வந்தது.
லொறிக்காரன் தன் தராசைக் கொண்டு வந்தான்,
அது எப்போதும் வரும்.
"முப்பது" என்றான்.
மகள் கொப்பியை நீட்டினாள்.
லீக்ஸ் 32, சாக்கு அரை.
அதற்குக் கீழே, இரண்டு கோடு போட்டு:
தம்பி பதினாலரை. விக்கிறதில்ல.

அவன் படித்தான். தலையைச் சொறிந்தான்.
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு
முப்பத்தொன்று என்று எழுதினான்.

போகட்டும் ஒரு அரைக் கிலோ.
பன்றிக்கு இவன் மேல்.