இடமிருந்து வலம்

கீழிருந்து மேலே பின்னுகிறவர்கள்
வீடு கட்டுகிறவர்கள்.
எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.
நான் இடது மணிக்கட்டில் ஏறி
மார்பைக் கடந்து
வலது மணிக்கட்டில் இறங்குகிறவள்,
சாக்காவோ நீரிணையின் பெர்ரி மாதிரி.

ஒரே துண்டு. நீள வடம் கோத்த ஒரே ஊசி.
போகும்போதும் வரும்போதும் அதே நேர்ப்பின்னல்.
கணக்கு மறந்தால் வரிகளை விரலால் தடவி எண்ணலாம்,
கெல்லோன் மீன் ஆலைக்குப் போகும் பேருந்தில்,
விளக்குப் போடாத ஐந்தரை மணிக்கும்.

ஏப்ரலில் தொடங்கினேன், நாற்பத்திரண்டு கண்ணிகளோடு.
அச்சாவோ சந்தையில் வாங்கிய பழுப்புக் கம்பளி,
விறகுப் புகையும் ஆட்டுக் கொழுப்பும் மணக்கும்.
ரோசமேல் தூங்கியபின்
அவன் கையோடு வைத்துப் பார்ப்பேன்.
சால்மன் கூண்டுகளுக்கு அடியில் முக்குளிக்கிற கை.
முடிவதாகவே இல்லை.
மே மாதம் பெரும்பாலும் அந்த ஒரு கைக்கே போயிற்று.
அக்குள் வந்ததும் கூட்டினேன்,
முன்னுக்கு எழுபது, முதுகுக்கு எழுபது,
இடுப்பில் குளிர் ஏறக்கூடாதே என்று
பக்கத்துக்கு இன்னும் ஆறு.

இப்படிப் பின்னினால்
வரிகள் மேலிருந்து கீழாக விழும்.
எங்கள் தீவின் மழை போல என்று சொல்லலாம்.
ஆனால் எங்கள் தீவில்
மழை குறுக்கேதான் அடிக்கும்.

கழுத்து வந்தபோது ஜூலை.
கழுத்தில்தான் பின்னல் இரண்டாகப் பிரியும்.
முன்பக்கம் வளரும்போது
முதுகு வேறொரு நூலில் கோத்தபடி காத்திருக்கும்.
அப்படிக் காத்திருந்தபோது குரல்செய்தி வந்தது,
புவெர்த்தோ ஐசேனிலிருந்து, நாற்பது நொடி,
பின்னால் யாரோ தட்டுக் கழுவும் சத்தத்தோடு.
இனி வரவில்லையாம்.
மரம் அறுக்கும் எந்திரத்தை மட்டும்
அப்புறம் வந்து எடுத்துக்கொள்வானாம்.

இருநூற்று இருபத்து நான்கு கண்ணி வைத்தும்
ஆள் தப்பிவிட்டான்.

மூன்று வாரம் நாற்காலியில் கிடந்தது அரை ஆள்:
ஒரு கை, ஒரு தோள், பாதி மார்பு.
பிரித்துவிடேன் என்றாள் மிர்த்தா,
இடுக்கியால் மீன்முள் பிடுங்கியபடி.
பிரித்த கம்பளி நிமிர்வதில்லை, மிர்த்தா.
இருந்த வளைவை விடாமல்
சுருண்டு சுருண்டு நிற்கும்.
அதோடு, கிலோ பன்னிரண்டாயிரம் பெசோ.

ஆகஸ்டில் முன்னையும் பின்னையும் சேர்த்தேன்.
இனி என் அளவு.
நீளத்தை ஒன்றும் செய்ய முடியாது,
அது மே மாதத்திலேயே முடிவாகிப்போன எண்.
அகலம் அப்படியில்லை.
போதும் என்று சொல்லும்வரைதான் அகலம்,
சொல்ல வேண்டியவள் நான்.
அவன் தோளுக்கு ஐம்பது வரி போயிருந்தது.
என் தோளுக்கு முப்பத்தாறில் நிறுத்தினேன்.
வலது கையை என் மீதே வைத்து அளந்தேன்,
விழித்துக்கொண்டு, விளக்கைப் போட்டு.
சீக்கிரம் முடிந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம்,
இவ்வளவு சின்னக் கையா.

மடித்து, ஓரங்களைத் தைத்து, போட்டுக்கொண்டேன்.
கழுத்து நடுவில் இல்லை.
இடது கை விரல் நுனி தாண்டித் தொங்கியது.
ஆலையில் சிரித்தார்கள்.
எந்தப் பக்கம் தப்பு என்று மேற்பார்வையாளர் கேட்டார்.
இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்,
கண்டுபிடிக்கட்டும்.

எந்திரத்துக்காக அக்டோபரில் வந்தான்.
வாசலிலேயே நின்றான், பார்த்தான்.
"இந்தக் கை நீளமா இருக்கே."
"ஆமா."
சங்கிலியில் எண்ணெய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான்.
விரலை எதில் துடைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு தூக்கிக்கொண்டு போனான்.

அடுப்பில் கெட்டில் கத்தத் தொடங்கியிருந்தது.
நீளக் கையை உள்ளங்கைமேல் இரண்டாக மடித்து
பிடியைப் பற்றி இறக்கினேன்.
சுடவில்லை.