இன்றைய நீர்

அருவியில் தண்ணீர் இல்லை என்று
என் விடுதிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்
ஆரப்பாளையத்திலிருந்து வந்த மதுரைக்காரர்.
வந்தது பங்குனி மாசம்.
வெந்நீர் கேட்டார், கொடுத்தோம்.
சொதி கேட்டார், அதுவும்.
பிறகு மலையைப் பார்த்துத் தண்ணீர் கேட்டார்.

இலஞ்சியில் நாலு அறை எனக்கு.
குழல்வாய்மொழி விடுதி.
என் பெயர், குற்றாலத்து அம்மன் பெயரும்.
"இந்தப் பேரை எவன்க்கா தட்டுவான்?" என்கிறான்
வடகரை பீர்மைதீன்,
யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டே.
இங்கிலீஷில் ழ வருவதற்குள்
விரல் சலித்து அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுகிறார்களாம்.
எழுதிப் பார்த்தோம். ஒன்றில் நான் குளல்,
ஒன்றில் குஜல்.
"ஃபால்ஸ் வியூன்னு மாத்திருவோம்."
ஏல, எந்தச் சன்னல்ல தெரியுது அருவி?
தென்னந்தோப்பு தெரியும்,
பக்கத்து வீட்டுச் சின்டெக்ஸ் தொட்டி தெரியும்.
அது நிரம்பி வழியும்போது
சத்தம் மட்டும் கொஞ்சம் அருவி மாதிரி.

வரைபடத்தில் என்னைக் குத்தியிருந்த இடமோ
குளத்துக்கு நடுவில்.
இலஞ்சி என்றால் குளம்தானே என்று
அது நினைத்துவிட்டதோ என்னவோ.
இரண்டு வருஷமாக என்னைத் தேடியவர்கள்
கரையில் வண்டியை நிறுத்திப் போன் அடித்தார்கள்:
"மேடம், நீங்க தண்ணிக்குள்ள இருக்கீங்க."
பீர்மைதீன் என்னைக் கரையேற்றினான்.
அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.

அடுத்து படம்.
ஆடிமாதத்து அருவி ஒன்றை அவனே வைத்திருந்தான்,
வெள்ளைவெளேரென்று.
எல்லா லாட்ஜுக்கும் அதே படம்தான்.
"போடுதேன்க்கா" என்றவன் விரலைப் பிடித்துக்கொண்டேன்.
அந்தப் படத்தை நம்பி வந்து
துண்டும் சோப்புப் பெட்டியுமாய்
வெறும் பாறை முன்னால் நிற்கிற முகத்தை
அவன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து விடியுமுன் போகிறேன்.
சொள்ளமுத்து வேனை எடுப்பான்.
குரங்குகள் மட்டும் முழித்திருக்கும்.
பாறையை ஒரு படம், தேதி, கீழே ஒரே சொல்.
நூல்.
மறுநாளும் நூல்.
சித்திரையில் ஓர் இரவு மழை பெய்தது: கயிறு.
அப்புறம் பத்து நாள் ஈரம்.
ஒருநாள் அதுவும் இல்லை, பாறை என்றே போட்டேன்.
பிழைப்பில் மண் போடுகிறாள் என்றார்கள் மற்ற லாட்ஜ்காரர்கள்.
இரண்டு அறை பூட்டியே கிடந்தது.
பீர்மைதீன் கணக்குக் காட்டினான்:
பார்த்தது நாற்பத்தொரு தடவை,
அதில் பன்னிரண்டு சொள்ளமுத்து.

ஓர் இரவு சாத்தூரிலிருந்து போன்.
"நூல்னு போட்டிருக்கீங்களே, நெசமா?"
நெசம்.
"சத்தம் இருக்காதுல்ல?"
சத்தமும் இல்லை, கூட்டமும் இல்லை.
"அப்போ வாரோம். எம் பையனுக்குச் சத்தம் ஆகாது."

எட்டு வயசிருக்கும்.
காதிரண்டையும் மூடிப் பெரிய ஹெட்போன்.
பாறைக்குப் பக்கத்தில் போனதும் அவனே கழற்றினான்.
நூலுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினான்.
ஒரு மணி நேரம்.
அவன் அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள்,
எதையும் படமெடுக்கவில்லை.
சொள்ளமுத்து ஹாரன் அடிக்காமல் வேனைத் திருப்பினான்.
அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்,
அது பெரிய காரியம்.

அவர்கள் போய்ப் பதினெட்டு நாளாயிற்று.
ஒரு நட்சத்திரமும் போடவில்லை.
மதுரைக்காரர்தான் இன்னும் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார்.
அவருக்குப் பதில் எழுதினேன்:
ஐயா, தண்ணீர் விழும்போது சொல்கிறேன், வாங்க.
ழ சரியாக விழுந்திருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை மேற்கே கருத்திருந்தது.
மேகத்தை எடுக்கவில்லை, பாறையைத்தான்.
கயிறு என்று அடித்தேன்.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
அழித்துவிட்டு
இரண்டு நூல் என்று போட்டேன்.