எட்டு எண்ணும் வரை

பள்ளத்தூருக்கு மேற்கே, தைலமரம் முடிகிற இடத்தில்
என் கடலைக்கொல்லை.
முந்தாநாள் பன்றி மூன்று பாத்தி உழுதுவிட்டுப் போயிருந்தது,
கூலி கேட்காமல்.

ஒற்றைக்குழல். ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டா.
மடக்கித் திறந்து, சூடான கூட்டை நகத்தால் கிள்ளியெடுத்து
அடுத்ததைச் செருகி மூட
எட்டு எண்ண வேண்டும்.
வெள்ளைக்கண்ணு ஆறில் முடிப்பான். அவன் விரல் அப்படி.

இரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தது.
சேவுகன் கொல்லை மோட்டார் உறுமத் தொடங்க,
அந்தச் சத்தத்தைப் போர்த்திக்கொண்டு
அதுவும் வந்தது.
டார்ச் வட்டத்துக்குள் முதலில் மூக்கு,
மூக்கில் செம்மண்.

சுட்டேன்.

ஒன்று. விழவில்லை.
இரண்டு. ஓடவும் இல்லை.
மூன்று, நான்கு, கூடு ஒட்டிக்கொண்டது,
விரல் பொசுங்கியது.
அது என்னைப் பார்த்ததில் கோபமென்று எதுவுமில்லை,
பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.
ஏழில் திரும்பி நடந்தது.
எட்டில் மூடினேன், வெறும் இருட்டைக் குறிபார்த்து.

அப்புறந்தான் கேட்டது சீறல்.
சேவுகன் பைப்பில் ஓட்டை.
ஆள் உயரத்துக்குத் தண்ணீர்
டார்ச் வெளிச்சத்தில் வெட்கமில்லாமல்.

விடிந்து போய்ப் பார்த்தால்
அந்தச் சேற்றில் குடும்பத்தோடு புரண்ட தடம்.
குட்டிகளின் குளம்பு
புளியங்கொட்டை அளவு.

பைப்புக்கு அறுநூறு கொடுத்தாயிற்று.
தாலுகா ஆபீசுக்குக் காட்டும் நோட்டில்தான் நிற்கிறேன்.
தோட்டா ஒன்று, செலவு.
எதைச் சுட்டது என்ற கட்டத்தில்
பேனா
எட்டைத் தாண்டியும்
எண்ணிக்கொண்டிருக்கிறது.