மூன்றாம் வாங்கு

இதில இரும்.
அந்த மூலையில ஒரு ஆணி, சட்டையைப் பிடிச்சுக் கிழிக்கும்;
அதுதான் இந்த இடம் இவ்வளவு நாளும் வெறுமையாக் கிடந்தது.
நீர் மல்லாவியில இருந்து வந்தனீராம்.
அங்க எத்தினையாம் பக்கம் மட்டும் படிப்பிச்சவை?
பரவாயில்லை, இங்கயும் அதே புத்தகம்தான்.
என்ர புத்தகத்தின்ர அட்டை
எனக்கு முன்னம் ரெண்டு பேர் கிழிச்சது.

வரலாறு, புவியியல், குடியுரிமை
மூண்டுக்கும் றெஜினா ரீச்சர்தான்.
கடைசிப் பாடம். ஓடு கொதிக்கும். விசிறி சுத்தும், காத்து வராது.
ஏதும் கேட்டால் உடன மறுமொழி சொல்ல மாட்டா,
யன்னலால வெளிய பார்ப்பா.
அங்க ஒண்டுமில்லை,
சைக்கிள் கொட்டிலும் ஒரு வேம்பும்.
நானும் எத்தினையோ தரம் பார்த்தனான்.

ஆண்டுகளைப் பாடமாக்கும்.
ஆயிரத்து ஐந்நூற்று ஐந்து,
ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பது,
ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டு.
வந்தவை எல்லாம் கப்பலில வந்தவை.
இருந்தவை எங்க போனவை எண்டு கீர்த்திகன் கேட்டவன்.
அடுத்த பந்தியில வருமாம்.
வரேல்லை. நான் வாசிச்சுப் பார்த்தனான்.

குடியுரிமைக்கு வாக்கெடுப்பு உண்டு.
போன தவணை பிஸ்கட் பெட்டியில ஓட்டை வெட்டி
வகுப்புத் தலைவருக்கு வாக்குப் போட்டனாங்கள்.
வகுப்பில இருபத்தொன்பது பேர்.
பெட்டிக்குள்ள முப்பத்தொரு துண்டு.
ஆர் அந்த ரெண்டு பேர் எண்டு ரீச்சர் கேட்க
வெண்ட மிதுர்சனே எழும்பி நிண்டான்.
ஒண்டு அவன் கூடப் போட்டது.
மற்றது ஆர் போட்டது எண்டு இண்டைக்கும் தெரியாது.
என்னை அப்பிடிப் பார்க்காதேயும்.

பயப்பட வேண்டியது தேசப்படத்துக்குத்தான்.
பவிசனிட்ட ஒரு அச்சு இருக்கு,
எக்ஸ்றேயில வெட்டினது.
சோதினைக்கு முதல்நாள் முழு வகுப்பும் அவனுக்குப் பின்னால திரியும்.
வெளிச்சத்துக்கு நேர பிடிச்சால்
அனுராதபுரத்தில இருந்து குருநாகல் மட்டும்
அவன்ர சித்தப்பாவின்ர முழங்கால்.
எலும்புக்குப் பக்கத்தில
அரிசி அளவில ஒரு வெள்ளை.
அது என்ன எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.
ரீச்சர் ஒருக்கா வாங்கிப் பார்த்தவ,
திருப்பிக் குடுத்தவ,
பிறகு அந்த யன்னல்.

அச்சின்ர தலைப்பக்கம் முறிஞ்சு போச்சு.
காலி வரும், மட்டக்களப்பு வரும்,
ஆனையிறவோட முடிஞ்சிடும்.
எங்கட இடத்தை மட்டும்
அவரவர் கையாலதான் கீற வேணும்.
ஆரபியின்ர குடாநாடு நண்டுக்கால்.
மிதுர்சன்ரது இந்தியாவில போய் முட்டும்.
தீவுகளைப் புள்ளி வைக்கேக்க கவனம்:
காரைநகரை விட்டால்
அங்கயிருந்து பஸ்ஸில வாற சுவஸ்திகா
ஒரு கிழமைக்குக் கதைக்க மாட்டாள்.

ஆறுகள் நீலத்தில.
மகாவலி முந்நூற்று முப்பத்தைந்து கிலோமீற்றர்.
எங்கட பக்கத்துக்கு நீலப் பென்சில் தேவையில்லை எண்டுதான் எல்லாரும்.
நான் ஒருக்கா வழுக்கியாற்றைக் கீறினனான்,
சண்டிலிப்பாயில எங்கட வளவுக்குப் பின்னால
மாரிக்கு வந்து
மாடு கட்டுற முளையையும் இழுத்துக்கொண்டு போறது.
ரீச்சர் பிழை போடேல்லை, சரியும் போடேல்லை.
பக்கத்தில சிவப்பில
'எப்போது?' எண்டு எழுதினவ.
கார்த்திகையில் எண்டு கீழ எழுதிக் குடுத்தன்.
அரைப் புள்ளி.

மணி அடிச்சிட்டுது.
செருப்புச் சத்தம் கேக்குதே, அவதான்.
கொப்பியை எடும்.
மல்லாவி அச்சுக்குள்ளயே வரும், அது பிரச்சினையில்லை.
மேல் பக்கத்தை என்னைப் பார்த்துக் கீறு,
ஆனையிறவில கையை எடுத்திடாதை,
எடுத்தால் கோடு பொருந்தாது.

பென்சில் வைச்சிருக்கிறியே?
அழிறப்பர் என்னட்ட இருக்கு,
பாதி.