பத்தொன்பதாம் கட்டம்

தார்த்து நகரத்து ஆவணக் காப்பகத்தில்
கதைகளின் எலும்பை எண்ணுவது என் பிழைப்பு.
சதை எங்கள் துறை அல்ல.
அட்டைக்கு இருபத்திரண்டு கட்டங்கள்.
ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒன்று.
போகாதே என்று யாராவது மறித்தால் இரண்டு.
கெட்டவள் எட்டில் வருவாள்,
உதவுகிற விலங்கு பதினொன்றில்.
அரசனோ இடையனோ, கட்டத்துக்குக் கவலையில்லை.
திரும்பி வருதல் பத்தொன்பது,
கல்யாணச் சாப்பாடு இருபத்திரண்டு.
எலும்பு சரியென்றால் கதை நிற்கும்
என்பார் என் மேலாளர் கால்யு,
மத்திமீன் ரொட்டியைத் தின்றபடியே
முத்திரை குத்திக்கொண்டு.

நேற்று ஹீயுமா தீவின் ஒலிநாடா ஒன்று.
ஐம்பத்தெட்டில் பதிந்தது.
சொல்கிறவள் ராஹெல் திக்கெர்பூ.
சீல்களின் அரசனிடம் உப்புக் கேட்கப் போகிறான் அண்ணன்.
ஒன்று, இரண்டு, எட்டு, பதினொன்று
படியில் அளந்ததுபோல் விழுகின்றன.
உப்பு மூட்டையோடு உறைந்த கடல்மேல் நடக்கிறான்.
பதினெட்டு.

பிறகு நாற்காலி நகர்கிறது.
"பசு கத்துது" என்கிறாள் ராஹெல்.
பதிவு செய்தவன் விடவில்லை: அப்புறம்?
"பனி உடையட்டும், பார்க்கலாம்."
இன்னும் நான்கு நிமிடம் ஓடுகிறது நாடா,
சுவர்க்கடிகாரம் மட்டும்.

'குறைபட்ட வடிவம்' என்று
சிவப்புப் பென்சிலால் எழுதினார் கால்யு.
வாலறுந்த பல்லி என்றார்.
பல்லிக்கு வால் முளைக்கும் என்று நான் சொல்லவில்லை.

மாலையில் அந்த இழுப்பறையைக் கவிழ்த்தேன்.
அதே எம்மாஸ்தே வட்டாரம், வேறு வேறு வாய்கள்,
ஏழு அட்டைகள்.
ஒருத்திக்கு உப்பு, இன்னொருவருக்கு விளக்கு.
ஏழிலும் பதினெட்டில் நின்றுவிடுகிறது கால்.
ஒருத்தி அடுப்பைப் பார்க்க எழுந்தாள்.
ஒருவர் இருமினார், இருமிக்கொண்டே இருந்தார்.
பெயர் குறிக்கப்படாத ஒருத்தி
காற்று திசைமாறிவிட்டதாகச் சொன்னாள்.

முப்பத்தொன்றின் பழுப்பு அட்டை ஒன்றும் அடியில் கிடந்தது.
அதே வீடு, ராஹெலின் அம்மா சொன்னது.
அதில் அண்ணன் வருகிறான், தாடியில் பனியோடு.
மூன்று நாள் பியர். நாய்க்கும் ஒரு கிண்ணம்.
அப்படியானால் எலும்பு இருந்திருக்கிறது.
இரண்டு அட்டைகளுக்கும் நடுவே
நாற்பத்தொன்பது, மார்ச், லாரிகள்.
அதற்கு எங்களிடம் எண் இல்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார் கால்யு.
ஏழையும் படித்தார்.
சட்டைப்பையில் பென்சிலைத் தொட்டார், எடுக்கவில்லை.
"கோட்பாடு தப்பில்லை" என்றார்,
யாரோ கேட்டுவிட்டதுபோல்.
தப்பென்று நானும் சொல்லவில்லை.
ஏழையும் ஒரே நூலில் கட்டினேன்.
கட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டுமே என்றார்.
ஊர்ப் பெயரை எழுதினேன்.
அதற்குள் கடைசிப் பேருந்து போயிருந்தது.