இடைவெளியின்றி நிரப்பவும்

இஸ்திரிப் பலகைமேல் லேப்டாப்.
இந்த ஹம்ரியா வீட்டுக்கு ஒரு மேசை வாங்கவில்லை,
எப்படியும் போகப்போகிறோமே என்று
ஆறு வருடமாக.

குடும்பப் பெயர் கேட்டது படிவம்.
நமக்கு ஏது அது?
அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் இட்டேன்.
ஆக்லாந்தில் யாரோ ஒருவர் இனி என்னை
மிஸஸ் சுடலைமுத்து என்று கூப்பிடுவார்.
வள்ளியூர் தாண்டாத மனுஷனை
கடல் தாண்டிக் கூட்டிப்போகிறாய் என்று
நீ சிரித்தாய்.

உறவு உண்மையானதா,
சான்று இணைக்கவும் என்றது அடுத்தது.
சேர்ந்து நிற்கும் படங்கள் வேண்டுமாம்,
வெவ்வேறு வருடம், வெவ்வேறு இடம்.
எனக்கு லேபில் இரவு,
உனக்கு டைல்ஸ் கோடவுனில் பகல்.
முத்ரா கடற்கரையில் நான் எடுத்ததில் நீ,
நீ எடுத்ததில் நான்,
அதே கம்பி, அதே படகு.
ஒன்றில் மட்டும்
உன் நிழல் என் காலடி வரை வந்திருந்தது.
அதையும் சேர்த்தேன்.
நிழலைக் கணவன் என்று
அதிகாரி ஒப்புவாரா தெரியவில்லை.
நீ எழுந்துபோன சூட்டில்
நான் படுத்துக்கொள்வதை
எந்த ஆவணத்தில் ஏற்றுவது,
எத்தனை கேபிக்குள்?

பிறகுதான் அந்தப் பக்கம் வந்தது.
கடந்த பத்து வருடம் எங்கெங்கே வசித்தீர்கள்,
நாள் மாதம் ஆண்டு,
இடைவெளியின்றி நிரப்பவும்.

என் பங்கு நான்கே வரி.
நீ சொல்லச் சொல்ல உன்னுடையதைத் தட்டினேன்.
சோஹார், லேபர் கேம்ப், அறை பதினேழு.
அல் குவைர், மெக்கானிக் கடைக்கு மேலே.
வாடி கபீர்.
பிறகு நம் வீடு.

சோஹாரை விட்டது மார்ச் நான்கு.
அல் குவைரில் சேர்ந்தது ஏப்ரல் பதினான்கு.
சிவப்பு எழுத்தில் கத்தியது படிவம்.

"நாப்பத்தோரு நாளு வருது,
மாலை கீல போட்டிருந்தீயளோ?"

நீ சிரிக்கவில்லை.
எழுந்துபோய் ஏசியை அணைத்தாய்,
இந்த ஜூலையில்.

கம்பெனி மூடிவிட்டது.
பாஸ்போர்ட் யார் டிராயரிலோ.
கேம்ப்புக்குக் கரண்ட் நின்றபின்
மீன் சந்தைக்குப் பின்னால்
ஓடாத ஒரு வேனில் படுத்திருந்தாய்.
பள்ளிவாசல் குழாயில் குளியல்.
வலை தைக்கிற மலையாளி ஒருவர்
மத்தியானம் குப்பூஸ் தருவார்,
பேர் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச், ஏப்ரல்.
நிச்சயம் முடிந்து
நாம் தினமும் பேசிய மாதங்கள்.
பின்னால் என்னமோ இரைச்சல், கடலா என்று கேட்டேன்.
பால்கனி, காத்து என்றாய்.
ஜன்னலுக்கு என்ன கலரில் திரை போடலாம் என்று
மேலும் கேட்டேன்.
யோசிக்காமல் சொன்னாய்:
பச்சை.

இதோ தொங்குகிறது.
வருடத்துக்கு ஒருமுறை
நானே கழற்றித் துவைக்கிறேன்.

கோபப்பட வேண்டும் போலிருந்தது.
யார்மேல் என்று பிடிபடவில்லை.
ஆயிரம் கேள்வி கேட்டு உன்னோடு வாழ்ந்தவள் நான்,
இதைக் கேட்கத் தெரிந்தது
வெலிங்டனில் எழுதப்பட்ட ஒரு வரிக்கு.

"வேன் நம்பர் ஞாபகம் இருக்கா?"
இருந்தது.
ஒரு எண்கூடத் தடுமாறாமல் சொன்னாய்.
கதவு எண் என்ற கட்டத்தில் அதை இட்டேன்.
தெரு: மீன் சந்தைப் பின்புறம்.
வசித்த வகை: சொந்தமா, வாடகையா, மற்றவையா.
மற்றவை.

சிவப்பு போய்விட்டது.

கீழே என் டியூட்டி பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது.
செருப்பு மாட்டியபடியே
அடுத்த பக்கத்தைத் தட்டினேன்:
இதுவரை எந்தத் தகவலையாவது
மறைத்திருக்கிறீர்களா?
விண்ணப்பதாரர் இருவரும்
தனித்தனியே பதிலளிக்கவும்.

உன் கட்டத்தை நீ நிரப்பிவை என்றேன்.
என்னுடையதை
காலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.